சத்தத்தை மட்டும் சரிசெய்தவர்

கார் இருமினால் இன்ஜினியர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பிரேக் கிறீச்சிட்டால் கண்ணாடியை ஏற்றிவிடுவார். டேஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்தால், கறுப்பு டேப்பில் விளக்கின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரம் பிசகாமல் அதன்மேல் ஒட்டுவார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு இறங்கி, "சரியாயிடுச்சு" என்பார்.

அவர் இன்ஜினியர் இல்லை. குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தராக முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருடைய வண்டி நின்றாலும் முதல் ஆளாகப் போய், இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, போனட்டுக்கு ஒரு காதைக் கொடுத்து நிற்பார். அந்தக் கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள், "இன்ஜினியர் சார் வந்துட்டார், இனிமே வண்டி பிழைச்சுக்கும்" என்றார். கேலி இவருக்கு எட்டவில்லை, பட்டம் எட்டியது. அன்றிலிருந்து யாராவது இன்ஜினியர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் மனைவியைத் தெரு நர்ஸம்மா என்றது. அவளும் நர்ஸ் இல்லை. முதியோர் மருத்துவமனை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்தவள். "நர்ஸ் இல்லைங்க, ஆயா" என்று கூப்பிட்டவர்களையெல்லாம் திருத்திப் பார்த்தாள். தெரு திருந்தவில்லை. படிக்காத படிப்புக்கு ஒரு வீட்டில் ஒரு பட்டமே அதிகம், இரண்டு எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வார்டுத் தலைமை நர்ஸ் அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். "கத்துற பெட்டுக்கு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போகலாம். கத்திட்டு இருந்து திடீர்னு அடங்கின பெட்டுக்கு ஓடணும்." முப்பத்தொரு வருடமும் அவள் அப்படித்தான் ஓடினாள். சில தடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சில தடவை போர்வையை முகம்வரை இழுத்துவிடத்தான் நேரம் இருந்தது.

கணவருடைய அலுவலகப் பாடமோ நேரெதிர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது போன் செய்தால் இவர் குழாய்ப் பிரிவின் எண்ணைக் கொடுப்பார். குழாய்ப் பிரிவு மோட்டார்ப் பிரிவைக் கைகாட்டும், மோட்டார்ப் பிரிவு மறுபடி இவரிடமே அனுப்பும். இப்படி மூன்று சுற்று சுற்றினால் எந்த மனிதனுக்கும் நாக்கு வறண்டுவிடும். மூன்றாவது வாரம் போன் வராது. போன் வரவில்லை என்றால் தண்ணீர் வருகிறது என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். நிலுவைப் புகார் மிகக் குறைவாக உள்ள ஊழியர் என்று அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதற்கு நேர் கீழே, அவர்கள் வீட்டில் கை கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சொட்டுக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டார். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது.

"வாஷர் போயிருக்கு, மாத்தச் சொன்னேனே" என்றாள் நர்ஸம்மா.

"இப்ப சத்தம் கேக்குதா?"

"சத்தம் கேக்கல. வாளி நிறையுது."

"பாத்தியா, சத்தம் கேக்கல."

இதற்குமேல் அவரிடம் பேசுவது செவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்வது. அவளே வாஷரை வாங்கிவந்து மாற்றினாள். மறுநாள் அவர் எதிர்வீட்டு வாத்தியாரிடம், "ஒரு சின்ன நூல் போதும் சார், குழாய் தன்னால அடைஞ்சுக்கும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். நாலு பேர் உட்காரலாம், அஞ்சாவது ஆள் வந்தால் மூச்சை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவு பெரிய கார். தினமும் காலையில் அதைத் துடைப்பார். பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் மூக்குச் சிந்திவிட்டதில்லை, காரின் கண்ணாடிக்கு மூன்று துணி வைத்திருந்தார்.

சின்னக் கார்களுக்கு வரும் நோய்கள் ரொம்பச் சாதாரணமானவை. மனிதர்களுக்கு வருகிற சளி, வயிற்றுவலி போலத்தான். ஆரம்பத்தில் பார்த்தால் அரைநாள் வேலை. பாட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்து வண்டி காலையில் முக்கியது. சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து இறுக்கினால் தீர்ந்தது. இவர் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினார், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். முன் சக்கரம் நேராக இல்லாமல் வண்டி இடது பக்கமே இழுத்தது. "இந்த வண்டிக்கு இடது பக்கத்து மேல ஒரு ஆசை" என்று சிரித்தபடி ஸ்டியரிங்கை வலது பக்கமாகவே பிடித்து ஓட்டினார். ஆறு மாதத்தில் ஒரு டயரின் உள்பக்கம் வழுக்கைத் தலையானது. வெளிப்பக்கம் நன்றாக இருந்ததால் அவருக்கு அது நல்ல டயர்தான்.

கிளச் விஷயத்தில் நோயை உண்டாக்கியவரே அவர்தான். இடது காலை எப்போதும் கிளச்சின்மேல் வைத்தேதான் ஓட்டுவார். குழந்தை தூங்கும்போது தொட்டிலில் ஒரு கை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கிளச் தகடு பாவம், பாதி ஒட்டியும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது, கருகின வாடை வரும். இவர் வாசனைக்கு ஒரு எலுமிச்சை வில்லையை வாங்கி ஏசி துளையில் மாட்டினார்.

நர்ஸம்மா இதிலெல்லாம் தலையிடவில்லை. அது அவருடைய பொம்மை. பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடினால், தடுக்கி விழாமல் தாண்டிப் போகவேண்டியதுதான் என்று விட்டுவிட்டாள். அவளுடைய தங்கை வந்து சேரும்வரை அது சரியாகவும் இருந்தது.

தங்கைக்கு ஐம்பத்துநாலு வயது. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் மத்தியான வேலை. கட்டினவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். காலை ஆறரை மணி நாற்காலி. நாலு மணி நேரம் மெஷின் ரத்தத்தைக் கழுவும். பிறகு இரண்டு மணி நேரம் படுத்தால் கடைக்குப் போகத் தெம்பு வந்துவிடும். அக்கா வீட்டிலிருந்து மருத்துவமனை இருபத்தைந்து நிமிடத் தூரம் என்பதால்தான் இங்கே வந்து தங்கினாள்.

"டாக்ஸி சொல்லிடலாம்" என்றாள் நர்ஸம்மா.

இன்ஜினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாசல்ல வண்டியை வச்சுக்கிட்டு டாக்ஸியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க இருக்கீங்க. வண்டியைத்தான் சந்தேகப்படுறேன்."

"அத்தான் ஓட்டட்டும்க்கா" என்றாள் தங்கை. வந்து தங்கியிருக்கிற வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். நோயாளிகளுக்கு இந்தப் பெருந்தன்மை கூடாது. அது உடம்புக்கு ஆகாது.

முதல் மாதத்திலேயே ஒரு வியாழக்கிழமை பாட்டரி செத்துப்போனது. பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்பு காலிஃபிளவர் மாதிரி பூத்திருந்தது. தெருவில் நாலு பேர் தள்ளி வண்டியைக் கிளப்பி, போய்ச் சேர ஏழேகால். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மேம்பாலத்தின் பாதியில் கிளச் கையை விரித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். இன்ஜினியர் இறங்கி அவர்களுக்கு ஹாரனைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏழு இருபது.

டயாலிசிஸ் பிரிவில் எட்டே நாற்காலிகள். அதைப் பார்த்துக்கொண்ட மூத்த நர்ஸ் குரலை உயர்த்தாத பெண்மணி. நர்ஸம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல. இவங்க லேட்டா ஏறினா, அடுத்த ஆள் லேட், அதுக்கடுத்த ஆள் ராத்திரி வரைக்கும் லேட். வெளியில பதினோரு பேர் காத்திருக்காங்க. அரை மணி வரைக்கும் பொறுக்கிறேன். ஏழு மணி தாண்டினது ரெண்டு தடவை ஆயிடுச்சு. மூணாவது தடவைன்னா இந்த நாற்காலி வேற ஒருத்தருக்கு. உங்க தங்கச்சிக்கு ஊருக்கு வெளிய இருக்கிற சென்டர்தான்."

"அங்க எத்தனை மணிக்குக் கிடைக்கும்?"

"சாயங்காலம் நாலு. ரெண்டு பஸ் மாறணும்."

சாயங்காலம் நாலு என்றால் கடை வேலை போயிற்று. இரண்டு பஸ் மாறி, நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து, கிறங்கிப்போய் இரண்டு பஸ் மாறித் திரும்புவது என்றால் ஆறு மாதத்தில் ஆளே போயிற்று. நர்ஸம்மா அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை வரமாட்டார்கள், "இன்னைக்கு முடியல" என்பார்கள். அடுத்த வாரம் இரண்டு தடவை வரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "இனி ஒரு தடவை பிந்தினா அவ நாற்காலி போயிடும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்க. எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க."

கொண்டுபோனார். கிளச் மாற்றினார்கள், புதுப் பாட்டரி வைத்தார்கள். "மத்ததையும் பாக்கட்டுமா சார்? உள்ள டேப் ஒட்டியிருக்கே" என்று மெக்கானிக் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், சென்சார் கோளாறு" என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால்தான் இது நர்ஸம்மாவுக்குத் தெரியவந்தது.

இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு வெயில் நாளில், சந்தைப் பக்கம் போய்த் திரும்பி வந்து வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும், முன்பக்கத்தில் ஏதோ உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வெலவெலத்துப் போனார். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கையில் சாவி இருக்கிறது, வண்டி ஓடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாக நின்றது. மறுநாளும் அப்படியே.

அது ரேடியேட்டர் விசிறி. இன்ஜின் சூடானால் ஓடும், சூடு தணிந்தால் நிற்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரியான வேலை. அதற்குக் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த வண்டியிலேயே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த உறுப்பு அது ஒன்றுதான்.

இன்ஜினியர் போனட்டைத் திறந்தார். ஒயரைத் தடவிக்கொண்டே போய், விசிறிக்குப் போகும் பிளக்கைக் கண்டுபிடித்து உருவினார். நுனியை டேப்பால் சுற்றி, ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். மருத்துவமனைக் கட்டுக்கூட அவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

அன்று சாப்பிடும்போது, "வண்டியில ஒரு பெரிய கோளாறு இருந்துச்சு. கண்டுபிடிச்சு அடக்கிட்டேன்" என்றார்.

"என்ன கோளாறு?"

"சொன்னா உனக்குப் புரியாது."

நர்ஸம்மா தங்கையின் அன்றைய தண்ணீரை அளந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்குமேல் ஒரு மடக்கு கூடாது. அளவு பார்க்கிற மும்முரத்தில் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் அடங்கிய பெட்டுக்கு ஓடினவள், அடக்கிவிட்டேன் என்று ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து சொன்னபோது உட்கார்ந்த இடத்தில் இருந்தாள். இதற்காக அவள் தன்னைப் பின்னால் நன்றாகத் திட்டிக்கொண்டாள். அவரைத் திட்டின அளவு இல்லை, ஆனாலும் திட்டினாள்.

விசிறி இல்லாமலும் ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. விடிகாலையில் சாலை காலியாக இருக்கும். வண்டி ஓடுகிற வேகத்தில் காற்று தானே உள்ளே புகுந்து இன்ஜினை ஆற்றிவிடும். நின்றால்தான் ஆபத்து. அவர்கள் எங்கும் நிற்கவில்லை. "வாயைத் திறக்குதா பாரு" என்று இன்ஜினியர் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நின்றார்கள்.

செவ்வாய் என்பது மூன்று நாளில் மோசமான நாள். சனிக்கிழமைக்குப் பிறகு நடுவில் இரண்டு நாள் இடைவெளி. உள்ளே போன தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே நிற்கும். தங்கை முந்தின இரவு மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தபடிதான் தூங்கியிருந்தாள். செருப்பின் வார் காலில் பதிந்திருந்தது. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஆறு மணிக்குப் பெரிய சாலையில் ஒரு மணல் லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருக்கி நின்றன.

பத்து நிமிடம் ஆயிற்று. நர்ஸம்மாவின் மூக்கு முதலில் விழித்தது.

"ஏதோ இனிப்பா ஒரு வாடை வருது."

"பக்கத்து வண்டி."

"பாகு காய்ச்சற மாதிரி இருக்கு. நம்ம வண்டிதான்."

"நீ நர்ஸா, மெக்கானிக்கா?" என்று கேட்டு ரேடியோவைத் திருகினார். யாரோ ஒருவர் உற்சாகமாக வானிலை வாசித்தார்.

"நான் ரெண்டும் இல்ல. மூக்கு இருக்கிறவ. இன்ஜினை நிறுத்துங்க."

"நிறுத்தினா பின்னால இருக்கிறவன் கத்துவான்."

போனட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை கிளம்பியது. பிறகு அடுப்பில் மூடி தூக்குகிற பாத்திரம் மாதிரி குபுகுபுவென்று ஆவி. நர்ஸம்மா கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவினாள். இன்ஜின் நின்றது. ரேடியோவும் நின்றது. கார் வாங்கின நாளிலிருந்து அதன் சாவியை அவள் தொட்டது அப்போதுதான்.

இன்ஜினியர் வெளியே பாய்ந்து போனட்டைத் தூக்கினார். தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிந்தார்.

"கையை எடுங்க!"

மூன்று வண்டி தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் ஆவியை வெளிய விட்டா..."

"திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும். வெந்து போன மூஞ்சிக்குக் கட்டுப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. உங்களுக்கும் போட இன்னைக்கு எனக்கு நேரமில்ல. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். அதற்குள் அக்கம்பக்கத்து வண்டிகளிலிருந்து நாலு பேர் இறங்கிவந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவர் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டார். அவர்களோடு சேர்ந்து நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு களைகூட வந்தது. மணி ஆறு இருபது என்பது அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

நர்ஸம்மா தங்கையை இறக்கினாள். மூச்சு கொஞ்சம் மேலே வாங்கியது, உதடு நிறம் மாறவில்லை. நடக்கலாம், ஆனால் ஓட முடியாது. சாலையைப் பார்த்தாள். பக்கத்துச் சந்திலிருந்து தலையை நீட்டிய ஒரு ரொட்டி வண்டி, நெரிசலைக் கண்டதும் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு. ஏழு மணிக்குள்ள மெஷின்ல படுக்கலைன்னா இவளுக்கு இடம் போயிடும்."

ரொட்டி வண்டிக்காரன் தங்கையின் காலைப் பார்த்தான். "எங்கம்மாவுக்கும் இதே வீக்கம்தான். ஏறுங்க. முன்னாடி ஒருத்தருக்குத்தான் இடம், ஒருத்தர் பின்னாடி. ரொட்டி மேல மட்டும் உக்காந்துடாதீங்க, முதலாளி என்னைப் பிசைஞ்சுடுவார்."

இன்ஜினியர் ஓடிவந்தார். "பத்தே நிமிஷம். ஆறினதும் நானே கொண்டுபோய் விடறேன். அதுக்குள்ள எதுக்கு ஊரான் வண்டியில?"

தங்கை முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

"அத்தான், முதல்ல உங்க வண்டிக்கு டயாலிசிஸ் பண்ணுங்க. எனக்கு நானே பாத்துக்கறேன்."

ரொட்டி வண்டிக்காரன் சிரிப்பை அடக்க வெளியே பார்த்தான். நர்ஸம்மா பின்னால் ஏறி, இரண்டு தட்டு அடுக்குகளுக்கு நடுவில் உடம்பைக் குறுக்கி நின்றாள். கதவைச் சாத்தும்போது, "நானும் வரட்டுமா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல். உடனே அதுவே பதிலும் சொல்லிக்கொண்டது, "வண்டியை எப்படித் தனியா விட்டுட்டு வர்றது?" அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அந்த ஆள் சந்துகளைக் கையின் ரேகை மாதிரி தெரிந்துவைத்திருந்தான். ஆறு ஐம்பத்தொன்றுக்கு மருத்துவமனை வாசல். எடை பார்த்து, நாற்காலியில் உட்காரவைத்து, கையைச் சுத்தம் செய்து ஊசி ஏற்றும்போது ஆறு ஐம்பத்தெட்டு.

மூத்த நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் மிச்சம். இதை லேட்டுக் கணக்குல எழுத முடியாது. ஆனா எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கல."

"எனக்கும் பிடிக்கல. இனிமே இருக்காது."

"உங்க தோள்ல என்ன, மாவா?"

"ரொட்டி" என்றாள் நர்ஸம்மா. வேறு விளக்கம் கொடுக்கவில்லை.

ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடத் தொடங்கி, தங்கையின் கண் சொக்கியதும் எழுந்து வெளியே வந்தாள். நாலு மணி நேரம் இருந்தது. பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய், மெக்கானிக்கை அவருடைய இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, பின்னால் தானும் உட்கார்ந்து, கார் நின்ற இடத்துக்குப் போனாள். லாரியை அதற்குள் தூக்கியிருந்தார்கள். காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்ஜினியர் போனட்டுக்குக் குடை பிடித்தபடி நின்றார். தலைக்கு இல்லை, போனட்டுக்கு.

மெக்கானிக் மெலிந்த மனிதர். குனிந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விரல் நுனியில் ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இது தானா கழண்டதில்ல. யாரோ ரொம்ப அக்கறையா கட்டி வச்சிருக்காங்க."

இன்ஜினியர் குடையை மடக்கினார். "அது சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. சாவியை எடுத்தும் நிக்கல."

"சத்தம் போடுறதுதான் சார் அதோட வேலை. விசிறி அது."

"கோளாறுன்னு நினைச்சேன்."

மெக்கானிக் கதவைத் திறந்து, டேஷ்போர்டில் இருந்த கறுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். சாவியைப் பாதி திருகி நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மொத்தம் மூன்று. ஒன்று பிரேக், ஒன்று இன்ஜின், இன்னொன்று சிவப்பாகத் தெர்மாமீட்டர் படம் போட்டது.

"இது இன்னைக்கு ஆவி கிளம்பறதுக்கு முன்னாடியே டேப்புக்கு அடியில எரிஞ்சிருக்கும்மா. பாத்திருந்தா கொதிக்க விட்டிருக்க மாட்டீங்க. நீங்க சாவியைத் திருப்பினதால இன்ஜின் தப்பிச்சுது. இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தா தகரக் கடைக்குத்தான்."

இன்ஜினியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நர்ஸம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினார். "சிவப்பா எரிஞ்சா எனக்குப் பயமா இருக்கும். அதான்."

அவர் பயந்தவர் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. முப்பத்தாறு வருடம் போன் மணி அடித்தபோதெல்லாம் இந்தப் பயம்தான் எடுத்துப் பேசியிருக்கிறது என்பதும் தெரியும். வார்டில் பயப்படுகிறவர்களை அவள் வெறுத்ததில்லை. பயந்தவன் கட்டிலில் படுத்திருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவனே எழுந்து வந்து பக்கத்துப் படுக்கைக்காரனின் குழாயைப் பிடுங்கினால் கையைப் பிடித்துக் கட்டத்தான் வேண்டும். புரிந்துகொண்டால் மன்னித்தாக வேண்டும் என்பது யாரோ சும்மா இருந்தவர்கள் சொல்லிவைத்தது.

"பயமா இருந்தா சொல்லணும். ஒட்டக் கூடாது" என்றாள். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினாள். "காலையில அஞ்சரைக்கு வாசல்ல வந்து நிக்கிற டாக்ஸிக்காரர் யாராவது தெரியுமா? பேசுறவர் வேண்டாம். வண்டி முனகினா உங்ககிட்ட கொண்டு வர்றவரா இருக்கணும்."

"என் மச்சான் ஒருத்தர் இருக்காரும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து என் உயிரை வாங்குவார், அது என்ன சத்தம், இது என்ன சத்தம்னு."

"அவர்தான் வேணும்."

"அப்ப நான்?" என்றார் இன்ஜினியர்.

"நீங்க வண்டியை எங்க வேணும்னாலும் ஓட்டுங்க. உள்ள யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. வியாழக்கிழமை விடிகாலையில் மெக்கானிக்கின் மச்சான் டாக்ஸியோடு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். தங்கை கைப்பையும் போர்வையுமாக ஏறினாள். இன்ஜினியர் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் நின்றிருந்தார்.

"நானும் ஏதாவது செய்யறேனே" என்றார். "அவளுக்குத் தண்ணி அளந்து வைக்கட்டுமா? தினமும் நீதானே பாக்கறே."

நர்ஸம்மா ஒரு கணம் யோசித்தாள். அவர் அளப்பார், கோடு பிசகாமல் அளப்பார். பத்து மணிக்குத் தங்கை தாகமாக இருக்கிறது என்பாள். நாக்கு ஒட்டுகிறது என்பாள். திரும்பத் திரும்பச் சொல்வாள், டயாலிசிஸ்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குரலை நிறுத்த இந்த மனிதர் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்பார்.

"வேண்டாம்" என்றாள். "கேட்டைத் திறந்து விடுங்க. நாங்க போனதும் சாத்துங்க."

அவர் கேட்டைத் திறந்தார். டாக்ஸி வெளியேறியதும் சாத்தினார். அதை அவர் சரியாகவே செய்தார். ஆறு பன்னிரண்டுக்குத் தங்கை தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.